அம்மப்பாவின் பதக்கத்தில் எட்டு எழுத்து: பிரீமேசன் மேற்படிகளில் என்னதான் படிப்பிக்கிறார்கள்?

சல்லிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மப்பா காலமான பிறகு வீட்டைத் துப்புரவாக்கும்போது அவருடைய ட்றங்குப் பெட்டிக்குள் சின்னதாக ஒரு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் ஆப்புப் போல இருக்கிறது. அதில் வட்டமாக எட்டு ஆங்கில எழுத்துகள்: எச், ரி, டபிள்யூ, எஸ், எஸ், ரி, கே, எஸ். வட்டத்துக்கு நடுவில் நாலைந்து கோடுகளால் கீறிய ஒரு அடையாளம். அவர் திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்காக இருந்து, பிறகு கொழும்பில் கணக்கு வேலை பார்த்தவர். பிரீமேசன் என்ற சகோதர அமைப்பு கூடுகிற லொட்ஜுக்குப் போய் வந்தவர் என்று அம்மாவுக்கு மட்டும் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

பெரியம்மா இதைக் கண்டதும் வீட்டில் வைக்கக் கூடாது, கொண்டுபோய்க் கடலில் போடு என்கிறார். யூரியூப்பில் தேடினால் அதில் மூன்றாம் டிகிரிக்கு, அதாவது மூன்றாம் படிக்கு, மேலே போனவர்கள் எல்லாம் சாத்தானைக் கும்பிடுகிறவர்கள் என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அம்மப்பா வெள்ளிக்கிழமை தவறாமல் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போனவர், அந்த மனிதரையும் இந்தப் பேச்சையும் என்னால் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியவில்லை. இந்தப் பதக்கம் என்ன, மேல் டிகிரிகளில் உண்மையில் என்ன படிப்பிக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

உவர்மலையான் எழுதியது:

தம்பி, கடலில் போடாதீர்கள். அது மார்க் மேசன் பட்டத்துக்கு உரிய பதக்கம். வளைவின் உச்சியில் கடைசியாக இறக்கி மற்றக் கற்களை எல்லாம் பிடித்து நிறுத்துகிற தலைக்கல்லின் வடிவம்தான் அந்த ஆப்பு. எட்டு எழுத்தும் ஒரு வாக்கியம்: தீரு நகரத்து ஈராம், விதவையின் மகன், சாலொமோன் அரசனுக்கு அனுப்புகிறான். நடுவில் இருக்கும் கோடுகள் உங்கள் அம்மப்பா தனக்கென்று தெரிவு செய்த அடையாளம். அந்தக் காலத்துக் கல்தச்சர்கள் தாங்கள் கொத்திய கல்லில் யார் வேலை என்று தெரிய ஒரு குறி போடுவார்கள், மார்க் மேசன் ஆகிறவர்களும் அப்படி ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வார்கள். அவருடைய கையெழுத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் சேர்ந்தவன்தான். கைச் சைகை, கடவுச் சொல் இவற்றை மட்டும் எழுத மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன். மற்றக் கதைகளும் பாடங்களும் ஒளிவு மறைவு இல்லாதவை, 1730இலேயே முதல் மூன்று டிகிரிகளின் சடங்கை இலண்டனில் அச்சடித்து விற்றிருக்கிறார்கள்.

முதலில் அடிப்படை. லொட்ஜில் மூன்று டிகிரி: பயிலுநர், தோழத் தொழிலாளி, மாஸ்டர் மேசன். மூன்றாவதில் எருசலேம் ஆலயத்தின் தலைமைக் கட்டடக்காரன் ஈராம் அபி கொல்லப்படுகிறான், அவனோடு ஒரு சொல்லும் தொலைந்துபோகிறது. கதை அங்கே நிற்கிறது. இங்கிலாந்தில் 1813இல் இரண்டு பெரிய லொட்ஜுகள் ஒன்றானபோது எழுதிய உடன்படிக்கையில் தூய மேசன் மரபு இந்த மூன்றும்தான், ரோயல் ஆர்ச் என்ற பட்டமும் இதற்குள் அடங்கும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். ஆகவே மேற்படிகளின் உச்சி என்கிற 33 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 33ஆம் டிகிரிக்காரர் சாதாரண லொட்ஜுக்குள் வந்தால் அங்கே தலைமை நாற்காலியில் இருக்கும் மாஸ்டருக்குக் கீழ்ப்படிந்துதான் உட்கார வேண்டும், அவருக்கு அங்கே ஒரு அதிகாரமும் கிடையாது.

பிறகு எதற்கு மேற்படிகள் என்று கேட்பீர்கள். என் விளக்கம் இதுதான்: மூன்றாம் டிகிரி ஒரு இழப்போடு முடிகிறது, மேற்படிகள் எல்லாம் அந்த இழப்புக்குப் பிறகு மனிதன் என்ன செய்கிறான் என்று கேட்கின்றன. அழுதுகொண்டு இருக்கிறானா, பழிவாங்கப் போகிறானா, கடமையைத் தொடர்கிறானா, இடிந்ததைத் திருப்பிக் கட்டுகிறானா. நம்முடைய ஊர்க்காரனுக்கு இதை விடப் பொருத்தமான கேள்வி இருக்கிறதா சொல்லுங்கள்.

உங்கள் அம்மப்பாவின் மார்க் பட்டத்தின் கதை இது. ஒரு இளம் தொழிலாளி வழமைக்கு மாறான வடிவத்தில் ஒரு கல்லைக் கொத்திக்கொண்டு வருகிறான். வேலை அழகாக இருக்கிறது, ஆனால் மேற்பார்வையாளர்கள் கையில் இருக்கிற படத்தில் அப்படி ஒரு கல் இல்லை. தூக்கிக் குப்பை மேட்டில் போட்டுவிடுகிறார்கள். பிறகு வளைவை முடிக்கும் நேரத்தில் தலைக்கல்லைக் காணவில்லை, வேலை நின்றுபோகிறது, தேடிப் போனால் அந்தக் குப்பைக்குள் கிடக்கிறது. சங்கீதம் 118இல் வரும் வாக்குத்தான் இதற்கு அடி. கேட்கிறவர்கள் பெரும்பாலும் தங்களைக் கல் கொத்திய பையனாகவே நினைத்துக்கொள்வார்கள், உன் வேலையை இன்று மதிக்காவிட்டாலும் நேர்மையாகச் செய் என்ற பாடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அது சரிதான். ஆனால் எனக்கு அந்த மேற்பார்வையாளர்கள்தான் மனதில் நிற்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அளவுகோலைச் சரியாகப் பிடித்தவர்கள், தங்களுக்குத் தெரிந்த அளவுக்குள் அடங்காத ஒன்றை மதிக்கத் தெரியாமல் போனார்கள். வயது போக நாங்கள் எல்லோருமே யாரோ ஒருவருக்கு மேற்பார்வையாளர் ஆகிறோம், வீட்டிலோ வேலையிலோ. அப்போது எந்தப் பிள்ளையின் கல்லைத் தூக்கி வீசினோம் என்று யோசிக்க வைக்கிற பட்டம் அது.

நம்முடைய ஊர்க் கோட்டைக்குள் போகும்போது வாசலைப் பாருங்கள். இரட்டைக் கயலும் குளக்கோட்டன் கல்வெட்டும் உள்ள கல் அங்கேதான் இருக்கிறது, போர்த்துக்கீசர் இடித்த கோணேசர் கோயிலின் கல்லை எடுத்துக் கோட்டைக்கு வைத்திருக்கிறார்கள்.

திருக்கடலூர்ப் பொடியன் எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வது கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அல்பேர்ட் பைக் என்ற பெரிய தலைவரே மேல் டிகிரிக்காரர்களின் கடவுள் லூசிபர் என்று எழுதியிருக்கிறாரே, 1889 ஜூலை 14 என்று திகதியோடு வீடியோவில் போடுகிறார்கள். கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியாது, 30க்கு மேலே போனால்தான் சொல்வார்களாம். நீங்கள் அந்தளவுக்குப் போகவில்லை என்றால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

உவர்மலையான் எழுதியது:

நியாயமான கேள்வி தம்பி. அந்த மேற்கோளின் கதை ஆவணங்களோடு இருக்கிறது, நீங்களே தேடிப் பார்க்கலாம்.

பாரிசில் லியோ தக்சில் என்று ஒருவர். முதலில் திருச்சபைக்கு எதிராக எழுதிப் பிழைத்தவர், 1885இல் திடீரென்று மனந்திரும்பிவிட்டேன் என்று சொல்லி மேசன்களுக்கு எதிராக எழுதத் தொடங்கினார். பைக்கைப் பிசாசுகளின் போப்பாண்டவர் போலச் சித்திரித்தார், டயானா வோகன் என்று ஒரு பெண்ணைக் கற்பனையாக உருவாக்கி அவள் சாத்தான் கூட்டத்திலிருந்து தப்பி வந்தவள் என்றார். புத்தகங்கள் அமோகமாக விற்றன. கடைசியில் அந்தப் பெண்ணைக் காட்டு என்று எல்லோரும் நெருக்க, 1897 ஏப்ரல் 19ஆம் திகதி பாரிசில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டு, பத்திரிகைக்காரர்களும் குருமாரும் இருக்க, பன்னிரண்டு வருடமாகச் சொன்னது எல்லாம் தானே கட்டிவிட்ட பொய் என்று வாயாலேயே சொன்னார். அந்த லூசிபர் வசனம் இந்தக் கூட்டத்தின் சரக்கு. பைக் 1891இலேயே இறந்துவிட்டார், மறுத்துப் பேச ஆள் இல்லை.

பைக் உண்மையில் எழுதியது வேறு. 1859 முதல் இறக்கும்வரை மேற்படிகளை நடத்துகிற ஸ்கொட்டிஷ் ரைட் என்ற அமைப்பின் அமெரிக்கத் தெற்குப் பகுதிக்குத் தலைவராக இருந்து, சடங்குகளைத் திருத்தி எழுதினார். 1871இல் வந்த அவருடைய பெரிய விளக்க நூலின் முன்னுரையிலேயே, இதில் தவறாகப் படுவதைத் தள்ளிவிட ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று இருக்கிறது. பொய்யான ஒரு மேற்கோள் 130 வருடம் தாண்டியும் ஓடுகிறது, அதைச் சொன்னவனே பொய் என்று ஒப்புக்கொண்ட பிறகும் ஓடுகிறது. எனக்கு இது கவலையான விஷயம், ஒரு மனிதர் செத்த பிறகு அவருடைய பேரப்பிள்ளைகளே அவரைப் பயத்தோடு பார்க்க வேண்டி வருகிறது.

பாலையூற்று ரீச்சர் எழுதியது:

வாசித்துக்கொண்டு இருக்கிறேன் ஐயா, மரியாதையோடு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் திருச்சபையின் நிலைப்பாடு லூசிபர் கதையில் தங்கி இருக்கவில்லை. தக்சில் பிறப்பதற்கு முன்பே, 1738இல் பாப்பரசர் 12ஆம் கிளமென்ட் தடை செய்தார். 1983 நவம்பர் 26இல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, சேர்கிற கத்தோலிக்கர் பெரும் பாவ நிலையில் இருப்பதால் நற்கருணை வாங்க முடியாது என்று திரும்பவும் சொன்னது. காரணம், எல்லாச் சமயத்தையும் சமமாக வைத்து, வேதம் சொல்லும் மீட்பு இல்லாமலே மனிதன் தன்னைத் தானே செப்பனிடலாம் என்ற எண்ணம். இது பயமுறுத்தல் இல்லை, கொள்கை வித்தியாசம். இளம் பிள்ளைகள் வாசிக்கிற இடம் என்பதால் சொல்கிறேன்.

அதோடு ஒரு கேள்வியும் இருக்கிறது. ரோஸ் குரூவா என்ற 18ஆம் டிகிரியில் சிலுவையும் பெலிக்கன் பறவையும் வருகிறதாமே? எங்கள் கோயில் பீடத்திலும் அந்தப் பறவை இருக்கிறது.

உவர்மலையான் எழுதியது:

ரீச்சர், நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு நானும் இதையே சொல்வேன், உங்கள் குருவானவரிடம் மறைத்துவிட்டு வராதீர்கள் என்று. மனச்சாட்சியை விற்றுச் சேருகிறவனுக்கு லொட்ஜில் படிக்க ஒன்றும் இல்லை.

18ஆம் டிகிரி பற்றி. ஸ்கொட்டிஷ் ரைட்டில் நாலாவதிலிருந்து முப்பத்திமூன்று வரை போகும். பெயரில் ஸ்கொட்லாந்து இருந்தாலும் பிறந்த இடம் பிரான்ஸ். 1730களில் ராம்சே என்ற ஸ்கொட்லாந்துக்காரர் பாரிசில் மேசன் மரபைச் சிலுவைப் போர் வீரர்களோடு தொடுத்து ஒரு உரை எழுதினார், அதற்குப் பிறகு பிரான்சில் மழைக்குக் காளான் முளைத்த மாதிரிப் புதுப்புதுப் பட்டங்கள் கிளம்பின. அதிலிருந்து 25 கொண்ட ஒரு தொகுப்பை எத்தியன் மொரேன் என்பவர் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோனார், பிறகு 1801 மே 31இல் அமெரிக்காவின் சார்ள்ஸ்டனில் 33 ஆக்கி முதல் உயர் சபையை நிறுவினார்கள்.

18ஆம் டிகிரியில் எல்லாம் இருண்டு கிடக்கிற ஒரு உலகத்தில் மனிதன் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்ற மூன்றையும் தேடி நடக்கிறான், அன்பே புதிய சட்டம் என்று கண்டுகொள்வதில் அது முடிகிறது. பெலிக்கன் தன் இரத்தத்தால் குஞ்சுக்கு ஊட்டுகிற அந்தப் படம் உங்கள் பீடத்தில் இருப்பதேதான், உங்கள் திருச்சபையிலிருந்து எங்கள் டிகிரிக்கு வந்தது. இங்கிலாந்து முறையில் இந்த டிகிரிக்குத் திரித்துவத்தை நம்பும் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. அமெரிக்காவில் அந்த விதி இல்லை.

முப்பத்திமூன்றையும் வரிசையாக எழுதினால் இழை தாங்காது, எனக்கு முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். நாலாவது கடமையைப் பற்றியது: பாராட்டு வந்தாலும் வராவிட்டாலும் செய்ய வேண்டியதைச் செய், வாயை அடக்கு. ஆறாவது எனக்குப் பிடித்த கதை. சாலொமோன் ஆலய வேலைக்குப் பதிலாகத் தீருவின் அரசன் ஈராமுக்குக் (கட்டடக்காரன் ஈராம் அபி வேறு ஆள்) கலிலேயாவில் இருபது ஊர்களைக் கொடுத்தார், ஈராம் போய்ப் பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத ஊர்கள். இதுவரை வேதத்திலும் இருக்கிறது. பட்டத்தின் கதையில் ஈராம் கோபத்தோடு அரண்மனைக்குள் நுழைகிறார். அரசருக்கு ஆபத்து வருமோ என்று பயந்து ஒரு ஊழியன் கதவோரம் நிற்கிறான், ஒட்டுக்கேட்கிறான் என்று அவனைப் பிடித்து ஈராம் வெட்டப் போகிறார். சாலொமோன் தடுத்து, இவன் விசுவாசத்தால் நின்றவன் என்று விளக்கி, அவனையே இரண்டு அரசர்களுக்கும் இடையிலான உடன்படிக்கைக்கு எழுத்தனாக்குகிறார். பிறர் இரகசியத்தில் மூக்கை நுழைக்காதே என்பது ஒரு பக்கம். ஒருவன் நின்ற இடத்தை மட்டும் பார்த்து அவன் மனதை முடிவு கட்டாதே என்பது மறுபக்கம், இதை ஏனோ யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஏழாவது நீதிபதியின் நடுநிலை, எட்டாவது இல்லாதவனுக்கு உதவுவது.

டச் பே எழுதியது:

எல்லாம் நல்லொழுக்கக் கதை என்றால் ஒன்பதாம் டிகிரி பற்றி ஏன் தாண்டிப் போனீர்கள்? அதில் குகைக்குள் போய்க் கொலைகாரனைக் குத்திக் கொல்கிறார்கள், கத்தி சின்னமாக இருக்கிறது. இது பழிவாங்கும் சடங்கு இல்லையா? அதோடு உங்கள் சகோதரத்துவம் வெள்ளைக்காரத் துரைமாரின் கிளப்பாக இருந்தது. பைக் யார்? அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்ட பக்கத்தின் ஜெனரல். 2020இல் வாஷிங்டனில் அவருடைய சிலையை மக்கள் இழுத்து விழுத்தினார்கள். அந்த ஆள் எழுதிய பாடத்தை நாங்கள் ஏன் படிக்க வேண்டும்?

உவர்மலையான் எழுதியது:

தாண்டவில்லை, அதற்கு நிறைய எழுத வேண்டும் என்பதால் விட்டேன்.

ஒன்பதாவது இப்படிப் போகிறது. ஈராம் அபியைக் கொன்றவன் ஒரு குகையில் ஒளிந்திருப்பதாகத் தகவல் வருகிறது. சாலொமோன் ஒன்பது பேரைத் தெரிந்தெடுத்து, அவனைப் பிடித்து நீதிக்கு முன் கொண்டுவாருங்கள் என்று அனுப்புகிறார். அதில் ஒருவன் ஆத்திரம் தாங்காமல் மற்றவர்களை முந்திக்கொண்டு ஓடுகிறான், குகைக்குள் தூங்குகிறவனைக் கத்தியால் குத்திக் கொல்கிறான், தலையோடு திரும்பி வந்து அரசன் மெச்சுவான் என்று நிற்கிறான். சாலொமோன் கோபத்தால் கொதிக்கிறார். நீதியை என் கையிலிருந்து பறித்துவிட்டாய் என்று அவனையே தண்டிக்கச் சொல்கிறார், மற்ற எட்டுப் பேரும் காலில் விழுந்து கெஞ்சிய பிறகுதான் மன்னிக்கிறார்.

கத்தியைப் பார்த்துவிட்டு அரசனின் கோபத்தைப் பார்க்காமல் போனால் இந்தப் பட்டம் தலைகீழாகத்தான் விளங்கும். கொல்லப்பட்டவன் குற்றவாளி, அதில் சந்தேகமே இல்லை. ஓடியவனின் துயரமும் உண்மை. அப்படி இருந்தும் அவன் செய்தது பிழை என்று அந்தக் கதை சொல்கிறது. இந்த ஊரில் எத்தனை வீட்டில் ஒருவரையாவது இழந்திருக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும், யார் செய்தது என்று தெரிந்தும் கேட்க இடமில்லாமல் இருக்கிறவர்களையும் தெரியும். அவர்களிடம் போய் மன்னித்து மறந்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வராது, இந்தப் பட்டமும் அப்படிச் சொல்லவில்லை. நீதி வேண்டும், அதைக் கேட்டுக்கொண்டே இரு, ஆனால் இருட்டில் போய்க் கத்தியால் எடுக்காதே என்றுதான் சொல்கிறது. இதை நான் நாற்பது வயதுக்குப் பிறகு கேட்டேன், இருபது வயதில் கேட்டிருக்க வேண்டும்.

துரைமார் கிளப் என்பது வரலாறு, நான் மறைக்க வேண்டியதில்லை. அதே வரலாற்றில் இதுவும் இருக்கிறது: ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத் உல் உமாரா 1770களிலேயே திருச்சிராப்பள்ளியில் மேசன் ஆனார். ஆனால் வங்காளத்தில் இந்துக்களுக்குக் கதவைத் திறக்க 1872 வரை இழுத்தடித்தார்கள், பிரசன்ன குமார் தத் என்பவர் விடாமல் கேட்டு நுழைந்தார். அதே கல்கத்தா லொட்ஜில்தான் 1884இல் நரேந்திரநாதர் சேர்ந்தார், பிறகு விவேகானந்தர் ஆனவர். அமெரிக்காவில் பிரின்ஸ் ஹோல் என்ற கறுப்பினத்தவர் 1775இல் ஒரு ஐரிஷ் படைப்பிரிவு லொட்ஜில் சேர்ந்து, 1784இல் இங்கிலாந்திலிருந்தே அனுமதிப் பத்திரம் வாங்கித் தன் மக்களுக்கு லொட்ஜ் அமைத்தார். அவர்களை வெள்ளை லொட்ஜுகள் இருநூறு வருடம் சகோதரர்களாக ஏற்கவில்லை. வெட்கக்கேடு. பைக்கின் அரசியலையும் நான் காப்பாற்றப் போவதில்லை. ஆனால் கவனியுங்கள், பிரின்ஸ் ஹோல் வழி வந்தவர்கள் அதே 33 டிகிரியையும் இன்றுவரை தங்கள் கையில் வைத்து நடத்துகிறார்கள், அவர்கள் அந்தப் பாடங்களைத் தூக்கி வீசவில்லை. தங்களை வெளியே நிறுத்தியவர்களை அந்தப் பாடங்களைக் கொண்டே கேள்வி கேட்டார்கள். நானும் அவர்கள் பக்கம்தான்.

கன்னியா எழுதியது:

இரண்டு நாளாக வாசிக்கிறேன். மேற்பார்வையாளர்கள் பற்றி எழுதியது மனதில் பதிந்தது ஐயா. ஆனால் அந்தப் பாடத்தைப் படித்த ஆண்கள் பாதி மனித இனத்தின் கல்லையும் படத்தில் இல்லை என்று தள்ளி வைத்திருக்கிறார்களே. இது உங்களுக்கு உறுத்தவில்லையா?

அநுராதபுரச் சந்தி எழுதியது:

தங்கச்சி, இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஐயா கோவிக்க மாட்டார். பெண்களைச் சேர்க்கிற அமைப்பு இருக்கிறது. 1893இல் பாரிசில் மரியா தெரெய்ம் என்ற பெண்மணியும் ஜோர்ஜ் மார்த்தன் என்பவரும் லெ திரோவா உமென் என்ற ஆண் பெண் கலப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். அதிலும் 33 டிகிரியும் இருக்கிறது. நமக்குத் தெரிந்த அன்னி பெசன்ட் அம்மையார் 1902இல் அதில் சேர்ந்து, இங்கிலாந்திலும் இந்தியாவிலும் பரப்பியவர். இங்கிலாந்தின் ஆண் லொட்ஜுகள் அவர்களை முறையானவர்களாக ஏற்பதில்லை.

உவர்மலையான் எழுதியது:

உறுத்துகிறது பிள்ளை. நான் எடுத்த வாக்கு எங்கள் லொட்ஜின் விதிக்கு என்னைக் கட்டுகிறது, அதை மீற மாட்டேன். ஆனால் பாடம் ஆணுக்கு மட்டும் விளங்குகிற பாடம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளவும் மாட்டேன். என் மகளுக்கு ஆறாம் டிகிரிக் கதையைச் சொல்லித்தான் வளர்த்தேன்.

சல்லிக்கரை எழுதியது:

ஐயா, உங்களுக்குக் கடனாளி ஆகிவிட்டேன் போல இருக்கிறது, இன்னும் ஒன்று கேட்கிறேன். ரோயல் ஆர்ச் என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அம்மப்பாவின் பெட்டியில் சிவப்பும் நீலமும் முக்கோணப் பற்களாக ஓரம் வைத்த ஒரு பட்டியும் இருக்கிறது, அது இதுவா?

உவர்மலையான் எழுதியது:

அதேதான். அப்படியென்றால் அவர் தொலைந்த சொல்லைத் தேடிப் போனவர்.

ரோயல் ஆர்ச்சின் கதை ஆலயம் இடிந்து, சனங்கள் பாபிலோனில் சிறை இருந்து, கோரேசு அரசன் விடுதலை கொடுத்த பிறகு நடக்கிறது. செருபாபேல் தலைமையில் இரண்டாவது ஆலயம் கட்டத் தொடங்குகிறார்கள். மூன்று பேர் பாபிலோனிலிருந்து பிந்தி வந்து, எங்களுக்கும் வேலை கொடுங்கள், எந்த வேலை என்றாலும் பரவாயில்லை என்று கேட்கிறார்கள். நல்ல வேலை எல்லாம் போய்விட்டது, பழைய அத்திவாரத்தின் இடிபாட்டை அள்ளுகிற வேலைதான் மிச்சம். அதை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்கிறார்கள். அள்ளிக்கொண்டு போகும்போது ஒரு இடத்தில் நிலம் பொள்ளென்று ஒலிக்கிறது. தோண்டினால் கீழே வளைவு அறை. கல்லைப் பெயர்த்து ஒருவனைக் கயிற்றில் இறக்குகிறார்கள், தொலைந்துபோனது என்று எல்லோரும் நினைத்தது அங்கே இருக்கிறது. ஐரிஷ் முறையில் இதே கதை யோசியா அரசன் ஆலயத்தைப் பழுது பார்த்த காலத்தில் நடக்கிறதாக வரும், ஆசாரியன் இல்க்கியா நியாயப்பிரமாணப் புத்தகத்தைக் கண்டெடுத்த அந்தச் சம்பவம்.

திருமலையில் பிறந்தவன் இதைக் கேட்டால் எதை நினைப்பான்? ஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலைப் போர்த்துக்கீசர் 1620களில் இடித்துக் கல்லைக் கோட்டைக்கு எடுத்தார்கள். முந்நூறு வருடத்துக்கு மேல் மக்கள் வெறும் பாறைக்குப் பூப் போட்டுக் கும்பிட்டார்கள். 1950இல் கோயில் இருந்த இடத்துக்குக் கிட்ட ஒரு கிணறு வெட்டும்போது மண்வெட்டியில் தட்டுப்பட்டது செப்புத் திருமேனி. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன் என்று வந்தார்கள். இடிக்க வருகிறார்கள் என்று தெரிந்து குருமார் புதைத்து வைத்தவை என்றே எங்கள் சனம் நம்புகிறது. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோயில் நின்ற சுவாமி மலைக்குக் கீழே கடலுக்குள் கோயில் தூண்களைக் கண்டார்கள். 1963இல் குடமுழுக்கு நடந்தது.

கிணறு வெட்டிய தொழிலாளிகளின் பெயரை இன்று யார் சொல்கிறோம்? கூலிக்கு மண் அள்ள வந்தவர்கள். ரோயல் ஆர்ச் சொல்வதும் அதையே. தலைமைக் குருவுக்கோ அரசனுக்கோ அது கிடைக்கவில்லை, எந்த வேலை என்றாலும் பரவாயில்லை என்று குனிந்து அள்ளியவனுக்குக் கிடைத்தது. என்னை லொட்ஜில் இறக்கியபோது எனக்கு எருசலேம் தெரியவில்லை, கோணேசர் மலைதான் தெரிந்தது. உங்கள் அம்மப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், வெள்ளிக்கிழமைக் கோயிலையும் இந்தப் பட்டியையும் அவர் ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொள்ள இடைஞ்சல் இருந்திருக்காது.

கிண்ணியா வாசகன் எழுதியது:

லொட்ஜில் பைபிள் மட்டும்தான் வைப்பார்களா? முஸ்லிம் ஒருவர் போனால் எதன் மேல் சத்தியம் செய்வார்? அதோடு அந்த 31, 32, 33 பற்றி இன்னும் சொல்லவில்லையே, வாப்பா காலத்திலிருந்து அதைத்தான் பெரிய மர்மம் என்கிறார்கள்.

உவர்மலையான் எழுதியது:

அவரவர் வேதத்தின் மேல்தான். குர்ஆன், கீதை, பைபிள் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் விரித்திருக்கும் லொட்ஜ்கள் நம்முடைய நாட்டிலும் இந்தியாவிலும் சாதாரணம். உள்ளே சமயச் சண்டையும் அரசியலும் பேசக் கூடாது.

30ஆவது நைட் கடோஷ், 1314 மார்ச்சில் பாரிசில் எரிக்கப்பட்ட, டெம்ப்ளர் என்ற சிலுவைப் போர் வீரர் சபையின் தலைவர் ஜாக் த மொலேயை நினைவில் வைத்து, மனச்சாட்சியை மிதிக்கும் அதிகாரத்துக்குத் தலை வணங்காதே என்கிறது. 31 தீர்ப்பு வழங்குவது பற்றியது. அமெரிக்கத் தெற்குப் பகுதியின் வடிவத்தில் பழைய எகிப்தின் இறந்தோர் நீதிமன்றம் மேடையில் வருகிறது, இறந்தவனின் வாழ்க்கையை நிறுத்துப் பார்க்கிறார்கள். நாலாவதிலிருந்து முப்பதாவது வரை பிறருக்கு நடந்ததைப் பார்த்துக்கொண்டு வந்த மனிதன் இங்கே தன்னைத் தானே கூண்டில் ஏற்ற வேண்டும். மற்றவனைத் தீர்க்கும் முன் உன்னைத் தீர்த்துப் பார். தொடக்கத்தில் கடமை, நடுவில் பழி, பிறகு திருப்பிக் கட்டுதல், கடைசியில் தன்னை நிறுத்துப் பார்த்தல் என்று இந்த ஒழுங்கை யார் அமைத்தாரோ அவர் மனிதர்களை நன்றாக அறிந்தவர்.

32 சமநிலை: ஆசைக்கும் அறிவுக்கும் நடுவில், உரிமைக்கும் கடமைக்கும் நடுவில். 33 ஒரு கௌரவம், சேவைக்காகக் கொடுப்பது. அமெரிக்கத் தெற்குப் பகுதியில் அதை எனக்குத் தா என்று வாய்விட்டுக் கேட்டவனுக்குக் கொடுக்கக் கூடாது என்பதே விதி. மர்மம் அவ்வளவுதான் தம்பி.

பாலையூற்று ரீச்சர் எழுதியது:

என் நிலைப்பாடு மாறவில்லை ஐயா. ஆனால் ஒன்பதாம் டிகிரியை என் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லப் போகிறேன், எந்த அமைப்பின் பெயரும் சொல்லாமல்.

உவர்மலையான் எழுதியது:

சொல்லுங்கள் ரீச்சர். அரசன் கோபப்படுகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டு, நீங்கள் அரசனாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள்.

திருக்கடலூர்ப் பொடியன் எழுதியது:

தக்சில் பற்றித் தேடிப் பார்த்தேன் ஐயா, நீங்கள் சொன்னது போலவே இருக்கிறது. வீடியோவின் கீழே போய் அவர் பொய் என்று ஒப்புக்கொண்ட திகதியைப் போட்டுவிட்டு வந்தேன். இப்போது கேட்கிறேன், ஒரு இந்துப் பொடியன் சேருவதென்றால் என்ன வழி? எந்த மேற்படிக்குப் போகலாம்?

உவர்மலையான் எழுதியது:

இறைவன் ஒருவன் மேல் நம்பிக்கை வேண்டும், வயது வந்தவராக இருக்க வேண்டும், குற்றப் பதிவு இருக்கக் கூடாது. உங்களை யாரும் வந்து கூப்பிட மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, அயர்லாந்து என மூன்று மரபு லொட்ஜுகளும் இலங்கையில் இருக்கின்றன, கொழும்பில் காலி முகத்திடலுக்குக் கிட்ட உள்ள விக்டோரியா மேசனிக் டெம்பிளில் விசாரியுங்கள். இங்கிலாந்து முறையில் மாஸ்டர் மேசனாகி நாலு கிழமை போனால் ரோயல் ஆர்ச் கேட்கலாம், அதற்கும் மார்க்குக்கும் எந்தச் சமயத்தவரும் போகலாம், ரோஸ் குரூவா கிறிஸ்தவருக்கு மட்டும். அவசரப்பட்டு மேலே ஏறாதீர்கள், முதல் மூன்றையும் மனப்பாடம் செய்து ஒரு பதவியில் இருந்து வேலை பாருங்கள். சேருவதற்கு முன் வீட்டில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சந்தாவும் உடுப்பும் சேர்த்துப் பணம் போகும், வீட்டுச் செலவில் கை வைத்துச் சேரக் கூடாது என்று அவர்களே சொல்வார்கள். திருமலையிலிருந்து போய்வருகிற ரயில் காசையும் கணக்கில் போடுங்கள், கூட்டம் முடிய எல்லோரும் சேர்ந்து இரவுச் சாப்பாடு இருக்கும், அன்றிரவே திரும்ப முடியாது, தங்க ஒரு இடமும் பார்த்து வைக்க வேண்டும்.